நாலாவது பட்டை



போன மாதம் நம்ம வீட்டுக் கொட்டகையில் நிற்கும் மாரிஸ் காரின் படத்தைப் போட்டிருந்தேன். "சார், இது ஓடுமா?" என்று பாதிப் பேர் கேட்டீர்கள். "மாமா, இதை இன்னுமா விக்கல?" என்று மீதிப் பேர். ஓடுகிறது. போன ஞாயிறு தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை போய்விட்டு, தள்ளாமலே திரும்பி வந்தது. ஆனால் இன்று எழுத உட்கார்ந்தது அதன் சக்கரத்தைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், சக்கரத்துக்குள்ளே ட்யூபுக்கும் ரிம்முக்கும் நடுவில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் ஒரு ரப்பர் பட்டையைப் பற்றி. கொஞ்சம் நீளமாகப் போகும். வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள். முக்கியமாக, 1966-இல் அக்கா கல்யாணத்துக்கு வந்திருந்த உறவினர்கள் கடைசி வரை படிக்க வேண்டும்.

அது மாரிஸ் எய்ட். 1936 மாடல். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பக்கத்தில் கௌலி என்ற இடத்தில் செய்தது. 918 சிசி எஞ்சின், ஆறு வோல்ட் பேட்டரி. இன்றைய மோட்டார் சைக்கிள்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அப்பா 1958-இல் மூன்றாம் கையாக வாங்கினார். அந்தக் காலத்து எல்.எம்.பி. டாக்டர் அவர். திருவாரூரைச் சுற்றியிருந்த கிராமங்களுக்கெல்லாம் அந்த வண்டியில்தான் போய் வைத்தியம் பார்த்தார். எத்தனையோ பிரசவத்துக்கு அது நடு ராத்திரியில் வரப்போரம் போய் நின்றிருக்கிறது.

அதன் சக்கரங்கள் சைக்கிள் சக்கரம் மாதிரி கம்பி வைத்தவை. பார்க்க அழகு. அடுத்து வந்த மாடலிலேயே கம்பியை நிறுத்திவிட்டுத் தகட்டுச் சக்கரம் போட்டுவிட்டார்கள். கழுவுவது சுலபம் என்பது ஒரு காரணம். கம்பிச் சக்கரத்தோடு குடித்தனம் பண்ணியவர்களுக்கு மற்றக் காரணங்களும் தெரியும்.

சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கு இது புரியும். ஒவ்வொரு ஸ்போக்கும் ரிம்மில் ஓர் ஓட்டை வழியாக உள்ளே வந்து நிப்பிளில் முடியும். அத்தனை ஸ்போக்குக்கும் அத்தனை ஓட்டை. எதுவும் காற்றுப் புகாமல் அடைபட்டது கிடையாது. அதனால் அந்த ரிம் தானாகக் காற்றைத் தாங்காது, உள்ளே ட்யூப் வேண்டும். அதே ஓட்டை வழியாக வெளியிலிருந்து தண்ணீரும் உள்ளே போகும். நம் ஊரில் காரை எங்கே கழுவினார்கள்? வாய்க்காலில்தான். அரைச் சக்கரம் முங்குகிற மாதிரி இறக்கி நிறுத்திவிட்டு வாளியால் அடிப்பார்கள். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் ட்யூபுக்கும் ரிம்முக்கும் நடுவில் தங்கும். ரிம் உள்பக்கமாகத் துருப்பிடிக்கும். துரு செதில் செதிலாக எழும்பி உப்புத்தாள் மாதிரி ட்யூபைத் தேய்க்கும். ஸ்போக்கின் நுனி நிப்பிளுக்கு மேல் அரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தாலும் போதும், ஊசிதான்.

பத்தாம் வகுப்பில் அழுத்தம் பாடம் நடத்தும்போது பலூனை எடுத்து வந்து உயிரை வாங்குவேனே, நினைவிருக்கிறதா? ட்யூபும் பலூன்தான். (எம்.ஆர்.எஃப். கம்பெனியே 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் கொட்டகையாகத்தான் தொடங்கியது என்பதை அப்போது சொன்னேனா தெரியவில்லை.) ட்யூபுக்கென்று தனிப் பலம் கிடையாது. காற்றை வெளியே விடாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை. அந்த அழுத்தத்தை வாங்கிக்கொள்வது வெளியே டயரும் உள்ளே ரிம்மும். எங்கே ஓட்டை, எங்கே இடுக்கு என்று பார்த்து ட்யூப் அதற்குள் பிதுங்கப் பார்க்கும். கணக்குப் போடுங்கள். சதுர அங்குலத்துக்கு 28 பவுண்டு காற்று அடைத்தால், 5/8 அங்குல விட்டமுள்ள ஒரே ஓர் ஓட்டையின் மேல் ஏறக்குறைய நாலு கிலோ எடை ராப்பகலாக உட்கார்ந்து அழுத்துகிற மாதிரி. வண்டி ஓடும்போது அந்த இடம் கசங்கிக் கசங்கி விரியும். அதனால்தான் ரிம்மின் மேல் சுற்றிலும் ஒரு ரப்பர் பட்டை. லாரிக்காரர்கள் ப்ளாப் என்பார்கள், சைக்கிள் கடையில் ரிம் டேப் என்பார்கள். எங்கள் ஊரில் அப்போது அதற்குப் பேர் பட்டை. அவ்வளவுதான்.

அந்தப் பட்டைகள் கடையில் கிடைக்காத காலம். அப்பா ஒரு பழைய சிவப்பு ட்யூபை வெட்டி நாலு சக்கரத்துக்கும் தானே பட்டை செய்தார். சர்ஜரி கத்தரிக்கோலால் வெட்டினார் என்று அம்மா கடைசி வரை சொல்லிச் சொல்லித் திட்டுவாள்.

இனி இந்த வருஷத்துக்கு வருகிறேன்.

அக்காவின் பேரன் சென்னையில் வேலை பார்க்கிறான். பழைய கார்ப் பைத்தியம். "தாத்தா, நான் அதை ஓட வைக்கிறேன்" என்று லீவு போட்டுவிட்டு வந்தான். எஞ்சினைப் பிரித்தான், ஒயரிங் மாற்றினான், இங்கிலாந்திலிருந்து ஐந்து டயரும் ஐந்து ட்யூபும் வரவழைத்தான். பட்டை வரவழைக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பது தெரிந்தால்தானே ஆர்டர் போடுவான். பழைய பட்டைகள் அப்பளம் மாதிரி நொறுங்கிப் போயிருந்தன. பைபாஸ் பக்கம் ஒரு கடையில் அவற்றைக் குப்பையில் தள்ளிவிட்டு நேராக ரிம் மேலேயே ட்யூபைப் போட்டு மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் இரண்டு சக்கரம் தரையோடு தரை. கடைக்காரர், "ட்யூப் மட்டம் சார், பாரின்னு சொல்லி ஏமாத்திட்டாங்க" என்றார்.

நான் இரண்டு ட்யூபையும் வீட்டுக்குக் கொண்டு வரச் சொன்னேன். காற்றடித்து, துணி ஊற வைக்கும் அன்னக்கூடையில் முக்கி, குமிழி வந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டேன். (வீட்டில் இன்னும் சாக்பீஸ் இருக்கிறது. சிரிக்காதீர்கள்.) நாலு ஓட்டை. நாலும் ட்யூபின் உள்வட்டத்தில், ரிம்மைப் பார்த்த பக்கம். ஆணி குத்தினால் ஓட்டை வெளிவட்டத்தில், ரோட்டைப் பார்த்த பக்கம் இருக்கும். உள்வட்டத்தில் இருந்தால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்று அர்த்தம்.

இந்த வாக்கியம் என் சொந்தச் சரக்கு இல்லை. 1966-இல் ஒரு பஞ்சர் கடைப் பையன் எனக்குச் சொன்னது. அவனுக்கு அப்போது பதினாறு வயது இருக்கும். எனக்குப் பன்னிரண்டு. என்னைவிட நாலு வயது பெரியவர். ஆனால் நான் டாக்டர் வீட்டுப் பிள்ளை, அதனால் வாடா போடா என்றுதான் கூப்பிட்டேன். அன்று அதில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை. இனி அவர் என்றே எழுதுகிறேன்.

பேரனுக்கு இன்னொரு சக்கரமும் தேவைப்பட்டது. கொட்டகைச் சுவரில் ஆணியில் ஒரு சக்கரம் டயரோடு தொங்குமே, உறவுக்காரப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "அதைத் தொடாதே" என்று அப்பா சொன்ன சக்கரம். 1966-இலிருந்து யாரும் தொடவில்லை. பேரன் இறக்கிக் கொண்டு வந்து டயர் லிவர் போட்டு நெம்பினான். டயர் பாறை மாதிரி இருந்தது, அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. உள்ளே ட்யூப் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து கிடந்தது. ரிம்மின் மேல் பட்டை இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பழைய வேட்டியை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து, மூன்று சுற்றுச் சுற்றி, வால்வுக்கு எதிர்ப்பக்கம் முடிச்சுப் போட்டு வைத்திருந்தது. பச்சைக் கரை அப்படியே தெரிந்தது. வால்வு வரும் இடத்தில் துணியை மடித்து, ஊசி நூலால் சுற்றித் தைத்து ஓட்டை விட்டிருந்தார் அந்த மனிதர்.

"யாரோ நல்ல வேலைக்காரன் தாத்தா" என்றான் பேரன்.

நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அக்கா கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பு அப்பா நாலு சக்கரத்துக்கும் பெயிண்ட் அடிக்கக் கொடுத்தார். டயரையும் ட்யூபையும் கழற்றிவிட்டுப் பட்டைகளைக் கொட்டகை மூங்கிலில் தொங்கப் போட்டிருந்தார்கள். சிவப்பு ரப்பர். இழுத்தால் இரண்டு மடங்கு நீளும். எனக்கு அப்போது ஒரு நல்ல உண்டிவில் வேண்டியிருந்தது. கொய்யா மரத்துக் கவட்டை தயாராக இருந்தது. சைக்கிள் ட்யூப் ரப்பர் எல்லாப் பையன்களிடமும் இருந்தது, சிவப்பு ரப்பர் யாரிடமும் இல்லை. ஒரு பட்டையை எடுத்து, எனக்கு வேண்டிய இரண்டு துண்டை வெட்டிக்கொண்டு, மிச்சத்தைக் கொல்லைக் கிணற்றில் போட்டேன்.

சக்கரங்களை மாட்டியது அந்தப் பையன்தான். மூன்று பட்டைதான் இருக்கிறது, ஒன்றைக் காணோம் என்று கடை முதலாளியிடம் சொன்னாராம். அப்பா ஏதோ கேஸுக்காக வெளியூர் போயிருந்தார். கல்யாண அவசரம். முதலாளி, "இருக்கறத வச்சு மாட்டுடா" என்றிருக்கிறார். அதன்பின் இரண்டு மாதத்தில் முன்பக்க இடது சக்கரம் இரண்டு தடவை பஞ்சர். இரண்டாவது தடவை நான் கடையில் நின்று வேடிக்கை பார்த்தேன். அப்போதுதான் தொட்டியில் குமிழியைக் காட்டி, குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்று சொன்னார். எனக்கு வயிறு கலக்கியது. என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அன்றைக்கு அவர் வேட்டியைக் கிழித்ததை நான் பார்க்கவில்லை, அதற்கு முன்பே ஓடி வந்துவிட்டேன்.

கல்யாணம் மாயவரத்தில், சத்திரத்தில். முதல் நாள் சாயங்காலமே பெண் போய்ச் சேர வேண்டும். காரில் அக்கா, அம்மா, அத்தை, நான், டிரைவர். அந்தக் குட்டிக் காரில் எப்படி உட்கார்ந்தோமோ தெரியவில்லை. அப்பா சாமான்களோடு முன்னாலேயே போய்விட்டார். நன்னிலம் தாண்டி, பூந்தோட்டம் தாண்டி, பேரளம் வரும் முன்பு 'பட்' என்று ஒரு சத்தம். முன்பக்க இடது. டிரைவர் இறங்கி ஸ்டெப்னியைக் கழற்றினார். அதில் காற்றில்லை. பம்பை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். அவர் ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு போய், ஒரு மாட்டு வண்டியில் ஏற்றி, பேரளத்தில் சைக்கிள் கடையைத் தேடிக் காற்றடித்துக்கொண்டு திரும்பி வர மூன்று மணி நேரம் ஆயிற்று. இருட்டிவிட்டது. அக்கா பட்டுப் புடவையோடு மைல் கல்லில் உட்கார்ந்திருந்தாள். அத்தை அபசகுனம், அபசகுனம் என்று புலம்பிக்கொண்டே இருந்தாள். நாங்கள் சத்திரம் போய்ச் சேர்ந்தபோது ராத்திரி பத்து மணி. மாப்பிள்ளை வீட்டில் ஒருவரும் சாப்பிடாமல் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யார் காலிலும் விழாத அப்பா அன்று சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலை அப்பா நேராகப் பஞ்சர் கடைக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"பட்டை இல்லீங்கய்யா. அப்பவே முதலாளிகிட்ட சொன்னேன். வேட்டியக் கிழிச்சுச் சுத்தியிருக்கேன், தொறந்து பாருங்க" என்றார் அவர்.

"நாலு பட்டை என் கையால வெட்டினது. நாலும் கொட்டகையில தொங்கினதை நான் பாத்தேன். எவனுக்குடா வித்த?" என்று கேட்டு அப்பா கன்னத்தில் அறைந்தார். என் அப்பா யாரையும் அடித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். முதலாளி டாக்டருக்கு முன்னால் வாயைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலமே பையனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். சக்கரத்தைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து அதைச் சுவரில் மாட்டிய அப்பா, இரண்டு வருஷம் கழித்து ஃபியட் வாங்கும் வரை ஸ்டெப்னி இல்லாமலேதான் ஓட்டினார்.

அன்று கடை வாசலில் நான் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன். டவுசர் பையில் உண்டிவில் இருந்தது. கையைப் பையை விட்டு எடுக்கவே இல்லை.

அப்பா 1975-இல் போய்விட்டார். அவரிடம் நான் சொல்லவில்லை. பயம் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயதில் பயம் சரி. இருபத்தொரு வயதில், பி.எஸ்ஸி. முடித்துவிட்டு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் பயமா? பொய் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றிய வாத்தியார் நான். ஏறி நின்றவர்கள் சிலர் இதைப் படிக்கிறீர்கள். உங்களுக்குச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

இதை எழுதுவதற்கு முன் அக்காவுக்குப் போன் செய்தேன். கல்யாணம் ஆகி ஏழெட்டு வருஷம் வரை, 'நேரத்துக்குப் பொண்ணக் கொண்டாந்து சேக்கத் தெரியாத குடும்பம்' என்று அவள் மாமியார் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தது எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். அப்புறம், "அந்த உண்டிவில்ல வச்சு ஒரு அணிலையாவது அடிச்சியாடா?" என்றாள்.

"இல்லக்கா. ஒண்ணு கூட படல."

"தண்டம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மறுநாள் அவளே கூப்பிட்டு, "அந்தப் பையனத் தேடிப் போ. என்னையும் கேட்டதாச் சொல்லு" என்றாள்.

தேடினேன். போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் பழைய மாணவர் ஒருவர் உதவினார். (பெயரைப் போடாதீர்கள் சார் என்று கேட்டுக்கொண்டார்.) 1972-இல் கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழகம் தொடங்கிய பிறகு நம்மவர் அங்கே டயர் பிரிவில் சேர்ந்து, முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் டயரோடு மல்லுக்கட்டிவிட்டு ஓய்வு பெற்றிருக்கிறார். வீடு கும்பகோணத்திலேயே. நான் போனபோது திண்ணையில் உட்கார்ந்து பேத்தியின் சைக்கிளுக்கு வால்ட்யூப் மாற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்றேன். அறுபது வருஷத்துக்கு முன்பே கூப்பிட்டிருக்க வேண்டிய முறை. யார் என்று சொன்னேன்.

"டாக்டர் வீட்டுத் தம்பியா? உக்காருங்க" என்றார். கையைத் துடைத்துக்கொண்டார். நான் உட்காராமலே ஒப்பித்தேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன், பாதியிலேயே மறந்துவிட்டது.

"தெரியும் தம்பி" என்றார். "அந்தச் செவப்பு ரப்பரு உங்க பையிலேருந்து ஒரு விரக்கடைக்கு வெளிய தெரிஞ்சுது."

"அப்பவே ஏண்ணே சொல்லல?"

"சொல்லி? ஐயா என்னை நம்புவாரா, உங்கள நம்புவாரா?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அடிச்சது கூட மறந்து போச்சு. திருடன்னு சொன்னாரு பாருங்க, அதுக்கப்புறம் எங்க வீட்ல யாரும் உங்கப்பாகிட்ட வைத்தியத்துக்கு வரல. எங்கம்மா வர மாட்டேன்னுட்டாங்க. தங்கச்சிக்கு மஞ்சக்காமால வந்தப்ப நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டு ஓடுனோம். உங்க வீடு நாலு தெரு தள்ளிதான்" என்றார்.

என் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "பொழச்சிருச்சு, பொழச்சிருச்சு. இப்ப திருச்சியில இருக்கு" என்றார் அவசரமாக.

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காபி வந்தது. குடித்து முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ரிம்மு உள்பக்கம் எப்படி இருக்கு?"

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். பேரன் ஏற்கெனவே ஒரு திட்டம் வைத்திருந்தான். நிப்பிள் ஓட்டைகளையெல்லாம் சிலிக்கானால் அடைத்துவிட்டு ட்யூபே இல்லாமல் ஓட்டிவிடலாம் என்று. அவர் ரிம்மின் உள் ஓரத்தை விரலால் தடவிக் காட்டினார். "ட்யூப்லெஸ் ரிம்முல இங்க ஒரு மேடு இருக்கும் தம்பி. வளைவுல டயரு உள்ள நழுவாம அதுதான் பிடிக்கும். இதுல மொழுக்குன்னு இருக்கு. காத்து கொறஞ்சு ஒரு திருப்பம் திருப்புனீங்கன்னா டயரு கழண்டுக்கும்." பேரன் சிலிக்கானை உள்ளே கொண்டு போய் வைத்துவிட்டான்.

அன்று முழுக்க எங்களுக்கு வகுப்பு. நான் நடத்திய எந்த வகுப்பிலும் பிள்ளைகள் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை. முதலில் ஒவ்வொரு ஸ்போக் நுனியையும் விரலால் தொட்டுப் பார்த்து, நீட்டிக்கொண்டிருந்ததை அரத்தால் ராவினார். "கண்ணால பாக்காதீங்க, வெரலு சொல்லும்." கம்பி பிரஷ், உப்புத்தாள், அதன்மேல் இரண்டு தடவை ரெட் ஆக்சைடு. முதல் தடவை அடித்தது காய்வதற்குள் பேரன் அவசரப்பட்டான். "ஈரத்துல பட்டையப் போட்டா பெயிண்டு பட்டையோட வந்துரும்" என்று வெயிலில் வைத்துவிட்டு எங்களை மத்தியானம் சாப்பிடக் கூட்டிப்போனார். எங்கள் வீட்டில் எங்களையே அவர் கூட்டிப்போன மாதிரி இருந்தது.

கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டால் போதாதா என்று நான்தான் கேட்டேன். வெயில் சூட்டில் பசை உருகி டேப் நழுவும், பசை ட்யூபில் ஒட்டிக்கொண்டு கிழிக்கும் என்றார். துணி? அவர் சிரித்தார். "துணி தண்ணிய உறிஞ்சி வச்சுக்கும். ரிம்மு துருப்பிடிக்கும். ஓட ஓட ஒரு பக்கமா ஒதுங்கிக்கும். எனக்கு அன்னிக்கே தெரியும் தம்பி. வேற ஒண்ணும் கையில இல்ல."

பழைய டிராக்டர் ட்யூபிலிருந்து பட்டை வெட்டினார். அகலம்தான் சூட்சுமம். எல்லா நிப்பிளையும் மூட வேண்டும், ஆனால் டயரின் விளிம்பு வந்து உட்காரும் இடம் வரை ஏறக்கூடாது, ஏறினால் டயர் சரியாகப் பதியாது. சுற்றளவைவிடக் கொஞ்சம் குறைத்து வெட்டி, இழுத்து மாட்ட வேண்டும், அப்போதுதான் நகராது. வால்வு ஓட்டையைக் கத்தியால் கீறக்கூடாது, கீறல் நீண்டுகொண்டே போகும். பஞ்சால் வட்டமாகத் தட்டி எடுத்தார். புது டயருக்குள்ளே ஒட்டியிருந்த காகித லேபிளை நகத்தால் சுரண்டி எடுக்கச் சொன்னார். அந்தக் காகிதம் கூட உருண்டு உருண்டு ட்யூபைத் தின்றுவிடுமாம். கொஞ்சமாக டால்கம் பவுடர். அள்ளிக் கொட்டினால் ஈரத்தில் கட்டியாகிவிடும். பாதிக் காற்றடித்து, முழுக்க இறக்கிவிட்டு, திரும்ப அடித்தார், உள்ளே ட்யூபில் மடிப்பு இருந்தால் பிரிந்துகொள்ளட்டும் என்று. மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் மாணவர்கள் இதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள், கம்பிச் சக்கரம் எதுவானாலும் இதே கதைதான். வால்வு நேராக நிற்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். சாய்ந்திருந்தால் காற்றுக் குறைந்து டயர் ரிம்மின் மேல் நகர்கிறது, ட்யூபையும் கூட இழுக்கிறது. கொஞ்ச நாளில் வால்வு அடியோடு கிழியும்.

கடைசியாகச் சுவரில் தொங்கிய அந்தச் சக்கரம். வேட்டித் துணியை நான் ஒரு பையில் போட்டு வைத்திருந்தேன். கொடுத்தேன். முடிச்சை விரலால் தடவிப் பார்த்தார். "எங்கப்பா வேட்டி. கரையப் பாத்தாலே தெரியுது" என்றார். மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். பேரன் அந்தச் சக்கரத்தை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம் என்றான்.

"வேணாம். முன்னால எடது பக்கம் போடுங்க" என்றார் அவர். "எங்க இருந்துச்சோ அங்க."

வண்டியில் பிள்ளையார் கோயில் போனபோது அவர் முன் சீட்டில் உட்கார்ந்தார். அக்காவுக்கு வீடியோ கால் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்காமல் நான் இறங்கித் தேங்காய் வாங்கப் போய்விட்டேன்.

நேற்றுக் காலை நாலு சக்கரத்திலும் காற்று அளந்தேன். மூன்றில் 28. முன்பக்க இடதில் 26. வால்வு பின்னாக இருக்கும், அதை ஒரு திருகு திருகிப் பாருங்கள், கேட்காவிட்டால் கழற்றி வையுங்கள், வரும் ஞாயிறு வருகிறேன் என்று போனில் சொல்லியிருக்கிறார்.